ஏற்காட்டு ஏற்றத்தில் நழுவிய கிளட்ச்: ஒரு யூனிகார்னின் நிகழ்வு ஆய்வு

வண்டி பழைய ஹோண்டா யூனிகார்ன், 149 சிசி, கார்புரேட்டர் மாடல். ஓட்டுபவர் என் தங்கை வீட்டுக்காரர். சேலம் அஸ்தம்பட்டியில் பேக்கரிச் சரக்கு எடுத்து ஏற்காட்டுக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். காலையில் பின் சீட்டில் பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார், மதியம் காலி கிரேட்டுகளோடு இறங்குவார். சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பேருந்து வந்தால் அது திரும்பி முடிக்கும் வரை ஏற்றத்திலேயே நிற்க வேண்டும். சுமையோடு நிற்கும் வண்டி பின்னால் உருளாமல் இருக்க அவர் பிரேக்கைப் பிடிப்பதில்லை, அரை கிளட்ச்சில்தான் வண்டியைத் தாங்கிப் பிடிப்பார். இந்தப் பழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கழற்றிப் பார்த்ததில் பாதிக்கு இதுதான் விளக்கம்.

அவர் சொன்ன குறை இது: "மச்சான், வண்டி சத்தம் மட்டும் போடுது, இழுக்கவே மாட்டேங்குது. போர் போயிடுச்சுன்னு பட்டறையில சொல்றாங்க."

போர் என்பது எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் சிலிண்டர். அது தேய்ந்து போனால் அதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் வேகமாகக் குறையும், பிளக்கின் முனை கரியும் எண்ணெயுமாக இருக்கும். இந்த வண்டியில் புகை இல்லை. பிளக்கைக் கழற்றினால் முனை வெளிர் பழுப்பு. கிக்கரை அழுத்தினால் நல்ல எதிர்ப்பு இருந்தது. எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது, அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதை உறுதிசெய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமமான, ஆளில்லாத சாலையில் 4வது கியரில் மெதுவாகப் போய், திடீரென்று ஆக்சிலேட்டரை முழுதாகத் திருக வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும். இந்த வண்டியில் சத்தம் முதலில் எகிறியது, வேகம் பின்னால் சோம்பலாக வந்தது. வண்டி சூடான பிறகு அந்த இடைவெளி இன்னும் அதிகம். இது கிளட்ச் நழுவல்தான், அதாவது எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. போர் வேலைக்கு எஞ்சினைப் பிரித்திருந்தால் ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும், வண்டி மட்டும் அதே சத்தத்தோடு திரும்பி வந்திருக்கும்.

நழுவல் என்று தெரிந்ததும் எல்லாரும் அடுத்துச் சொல்வது "பிளேட்டை மாத்திடு". நான் அப்படி ஆரம்பிப்பதில்லை. தகடு தானாகத் தேய்ந்ததா, தேய்க்கப்பட்டதா என்று தெரியாமல் புதுத் தகடு போட்டால், அதே காரணம் அந்தப் புதுத் தகட்டையும் தின்றுவிடும்.

முதலில் கைப்பிடி. கிளட்ச் லிவரின் நுனியில் கொஞ்சம் ப்ளே இருக்க வேண்டும். ஹோண்டாவின் இந்த வகைச் சின்ன வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். லிவரை விரலால் தொட்டு இழுத்தால் அந்த அளவுக்குச் சும்மா வந்து, அதன் பிறகே கனம் தெரிய வேண்டும். இந்த வண்டியில் தொட்டவுடனே கனம், ப்ளே என்று எதுவுமே இல்லை. கேட்டபோது, கியர் விழ மறுக்கிறது என்று எப்போதோ ஒரு பட்டறையில் சொல்ல, அங்கே கேபிளை இறுக்கிக் கொடுத்ததாகச் சொன்னார். அன்றைக்குக் கியர் நன்றாக விழுந்திருக்கும். ஆனால் கேபிள் எப்போதும் இழுத்த நிலையிலேயே இருந்தால் உள்ளே தகடுகளின் பிடியை விடுவிக்கும் லிஃப்டர் துண்டு எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு அங்கே போய்விடும். கால்வாசி கிளட்ச்சைப் பிடித்தபடியே நாள் முழுக்க ஓட்டுவதற்கு ஒப்பானது அது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அமைப்பில் தகடுகள் தேயத் தேய லிவரின் ப்ளே தானாகவே குறையும். சரியாக வைத்த கேபிளையே அவ்வப்போது தளர்த்த வேண்டிய வண்டியில், முதலிலேயே ப்ளே இல்லாமல் வைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிளைத் தளர்த்தி ப்ளே வைத்ததும் சமதளத்தில் நழுவல் குறைந்தது. மலையடிவாரம் வரை போய் ஏற்றத்தில் பார்த்தோம். சூடேறியதும் பழைய கதைதான். அப்படியென்றால் தகடுகளுக்கு ஏற்கெனவே சேதம் ஆகிவிட்டது.

அடுத்து ஆயில். "என்ன ஆயில் ஊத்துறீங்க மாப்ள?" என்று கேட்டேன். "நல்ல ஆயில்தான் மச்சான். வேன்ல ஊத்தினது மிச்சம் இருந்துச்சு, விலை ஒசத்தி." ஷெட்டில் அந்த டப்பா இன்னும் இருந்தது. 5டபிள்யூ-30 தரம். பின்பக்கத்தில் அமெரிக்க ஆயில் தர அமைப்பான ஏபிஐயின் வட்ட முத்திரை, அதன் கீழ் வளைவில் எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்ற எழுத்து. நான்கு சக்கர வண்டிக்கு அது நல்ல ஆயில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காரின் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைவதில்லை. நம் கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் மிதக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள், உராய்வை நம்பியே வேலை செய்யும் கிளட்ச் தகட்டின் மேல் படிந்துவிடும். இதற்காகத்தான் ஜப்பானில் ஜாசோ என்ற தனித் தரம் கொண்டுவந்தார்கள். இப்படி ஆயிலில் நனையும் ஈரக் கிளட்ச் வண்டிக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. பைக் ஆயில் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எழுத்தைப் பார்க்கச் சொல்லி, கேட்கிற எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

இனி கழற்றுவது. இங்கேதான் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எல்லா வண்டியிலும் கிளட்ச் தகடு மாற்றுவது ஒரே மாதிரி வேலை இல்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில், தகடுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருக்கும். ஸ்பிரிங் திருகுகளைக் கழற்றினால் தகடுகளை ஒவ்வொன்றாக வெளியே உருவிவிடலாம், நடு நட்டைத் தொடவே வேண்டாம். யூனிகார்னில் பிரஷர் பிளேட் உள்பக்கம். நடுவில் உள்ள நட்டைக் கழற்றினால்தான் கிளட்ச்சின் நடுப்பாகமான சென்டர், தகடுகள், பிரஷர் பிளேட் எல்லாம் ஒரே கட்டாக வெளியே வரும். அந்த நட்டு வழக்கமான ஆறுமுக நட்டு இல்லை, வட்டமாக இருக்கும், விளிம்பில் நாலு காடி வெட்டியிருக்கும். எந்த ரிங் ஸ்பேனரும் அதில் உட்காராது. நாலு கால் உள்ள காஸ்டில் நட் சாக்கெட் என்று தனியாக விற்கிறது, அது மட்டுமே பொருந்தும். நட்டோடு கிளட்ச்சும் சேர்ந்து சுற்றாமல் பிடிக்க ஒரு கிளட்ச் ஹோல்டர் வேண்டும். இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் குவிந்த இடத்தில் மாடல் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள், ஆன்லைனிலும் கிடைக்கிறது.

இந்தச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தத்தான் பல இடங்களில் உளியை அந்தக் காடியில் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். நட்டு கழன்றுவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கில் போய் இறங்குகிறது. காடியின் ஓரம் சிதைகிறது. திரும்ப இறுக்கும்போது எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. கிளட்ச் சுற்றாமல் இருக்கப் பற்சக்கரங்களுக்கு நடுவே காசையோ துணியையோ செருகுவதையும் பார்த்திருக்கிறேன். பல்லின் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்தால் அந்தச் சில்லு எஞ்சினுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 8 மற்றும் 10 மில்லி டி ஸ்பேனர், 12, 14, 17 ரிங் ஸ்பேனர், ரப்பர் சுத்தியல், ஆயில் பிடிக்க அகலமான டப்பா, பிளாஸ்டிக் சுரண்டி, தடிமன் அளக்க வெர்னியர், இடைவெளி அளக்க மெல்லிய இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜ். இதோடு எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச். ஒன்று மட்டும் வாங்க முடியுமானால் சின்ன அளவுகளைக் காட்டும் ரென்ச்சை வாங்குங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் கவரின் 6 மில்லி போல்ட்டுகளுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் தேவை. வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதிகம் கெடுப்பது அலுமினியத்தில் உள்ள அந்தச் சின்ன மரைகளைத்தான். நடு நட்டுக்கு வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. அதன் சரியான அளவை அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், யாரிடமோ கேட்டு வைக்கக் கூடாது.

கவரைத் திறக்கும் வரை சிரமமில்லை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிட்டு, சைலன்சர், வலது பக்கக் கால் வைக்கும் கம்பி, கிக்கர், கேபிள் இவற்றைக் கழற்றினோம். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். நீளமான போல்ட் குட்டையான துளைக்குள் போனால் அலுமினியம் பிளந்துவிடும். அட்டை இருந்தால் அந்தப் பயமே வேண்டாம். கவரை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும். திருப்புளியை இடுக்கில் நுழைத்து நெம்பக் கூடாது, அங்கே விழும் ஒரு கீறல் போதும், ஆயில் என்றைக்கும் கசியும்.

கவர் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த நட்டு. நாலு காடிகளில் மூன்றின் ஓரம் மடங்கி, உலோகம் நசுங்கி, பளபளவென்று உளியின் தடம். இதற்கு முன் யாரோ ஒருவர் உளியால்தான் கழற்றி, உளியால்தான் இறுக்கியிருக்கிறார். மடங்கிய ஓரங்களைச் சின்ன அரத்தால் ராவிய பிறகே சாக்கெட்டின் கால்கள் முழுதாக உள்ளே இறங்கின. ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி லிஃப்டர் பிளேட்டை எடுத்தோம். அதே போல்ட் துளைகளில் ஹோல்டரை மாட்டி, மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ள, நான் சாக்கெட்டைத் திருகினேன். ஒரு கிரீச் சத்தம், நட்டு இளகிவிட்டது. அடி இல்லை, அதிர்ச்சி இல்லை. நட்டுக்கு அடியில் இருந்த லாக் வாஷரில் "அவுட்சைடு" என்று பொறித்த முகம் உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. குவிந்த வாஷரைத் தலைகீழாகப் போட்டால் அது நட்டைப் பிடிக்க வேண்டிய விதத்தில் பிடிக்காது. அந்த நட்டு அதுவாகக் கழலாமல் இத்தனை நாள் இருந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தகடுகளை எடுத்த வரிசையிலேயே பழைய செய்தித்தாள் மேல் அடுக்கி, ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டோம். உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வுத் தகடுகளின் மேற்பரப்பு சொரசொரப்பாக, மங்கலாக இருக்க வேண்டும். இவை கண்ணாடி போல வழவழப்பாகி, பழுப்புக்குப் பதில் கருத்திருந்தன. முகர்ந்தால் கருகிய வாடை. புதுத் தகடு வெர்னியரில் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது, பழையவற்றில் மோசமானது ஏறக்குறைய 2.5. அதே தகட்டை நாலு இடத்தில் அளந்தால் நாலு அளவு காட்டியது, அதாவது ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இரும்புத் தகடுகளில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தடங்கள். அவற்றைத் தடிமனான கண்ணாடி மேல் படுக்க வைத்து விளிம்புக்கு அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். 0.2 மில்லிமீட்டர் இதழ் நுழையக் கூடாது. இரண்டு தகடுகளில் தாராளமாக நுழைந்தது. பார்வைக்கு அவை தட்டையாகத்தான் தெரிந்தன. "பிளேட்டை மட்டும் மாத்து, ஸ்டீல் பிளேட் நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்பவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நெளிந்த இரும்புத் தகட்டோடு புது உராய்வுத் தகட்டைச் சேர்த்தால், மேடான இடம் மட்டும் உரசி மீண்டும் கருகும்.

ஸ்பிரிங்குகளைப் புது ஸ்பிரிங்கோடு பக்கத்தில் நிறுத்தினால் உயரம் குறைந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தொடர்ந்து சூட்டில் கிடந்தால் ஸ்பிரிங் தளரும். தளர்ந்த ஸ்பிரிங் இன்னும் நழுவவிடும், நழுவினால் இன்னும் சூடு.

அடியில் இருந்த ஆயில் சல்லடையையும் உருவிப் பார்த்தோம். கம்பி வலையில் பாதிக்கு மேல் கருப்பாக, நார் நாராக ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் பஞ்சு போல நசுங்கியது. தகட்டில் இருந்து உதிர்ந்த உராய்வுப் பொருள்தான் அது. எஞ்சின் முழுமைக்கும் ஆயில் போக வேண்டிய வழி அந்தச் சல்லடை. கிளட்ச் தேய்ந்தால் நஷ்டம் கிளட்ச்சோடு நிற்காது என்பதை மாப்பிள்ளைக்குப் புரியவைக்க நான் பேசவே தேவைப்படவில்லை, அந்த வலையை அவர் கையில் கொடுத்தேன். டீசலில் கழுவி, உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து எல்லாக் கண்ணும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே திரும்பப் போட்டோம்.

ஆக, காரணங்களை நான் இப்படித்தான் வரிசைப்படுத்துவேன். முதல் குற்றவாளி ப்ளே இல்லாத கேபிள். அது எல்லாத் தெருவிலும், எல்லா நேரமும் தகட்டைத் தேய்த்தது. இரண்டாவது ஏற்றத்தில் அரை கிளட்ச்சில் நிற்பது. இரும்புத் தகட்டில் இருந்த நீலத் திட்டுகள் அந்தக் கடும் சூட்டின் தடயம். கார் ஆயிலை மூன்றாவதாக வைக்கிறேன். அது மட்டும் தனியாக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது, ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்ததை அது வேகப்படுத்தியது. ஆயிலே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் கேபிளைத் தளர்த்திய உடனேயே, அதே ஆயிலில், சமதளத்தில் நழுவல் குறைந்ததை நான் பார்த்தேன்.

உராய்வுத் தகடுகள், இரும்புத் தகடுகள், ஸ்பிரிங்குகள், நடு நட்டு, லாக் வாஷர், கவர் கேஸ்கெட் எல்லாம் கம்பெனி பாகங்களாகவே வாங்கினோம். கிளட்ச் தகட்டில் போலி அதிகம், உறையும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும். தகட்டின் மேல் ஒட்டிய துண்டுகளின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, பசை பிதுங்கியிருந்தாலோ வாங்கக் கூடாது.

புது உராய்வுத் தகடுகளை முந்தின இரவே புது எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டுவிட்டோம். காய்ந்த தகட்டை அப்படியே போட்டால், ஆயில் உள்ளே ஊறும் முன்பே முதல் ஓட்டத்தில் மேற்பரப்பு கருகிவிடும். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, புதுத் தகடும் பிடிக்கவில்லை என்று அலைபவர்கள் உண்டு.

பொருத்தும்போது பொறுமை தேவைப்பட்ட இடங்கள் இரண்டு. கேஸ்கெட் முகத்தைச் சுரண்டுவது ஒன்று. பழைய காகிதம் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டிக்கு மசியாத இடங்களில் மட்டும் பிளேடைப் படுக்க வைத்து மெதுவாகச் சீவினோம். தூள் உள்ளே விழாமல் துணியை அடைத்து வைத்தது அவசியம். கேஸ்கெட் பசை தடவவில்லை. முகம் சுத்தமாக இருந்து கேஸ்கெட் புதிதாக இருந்தால் பசை தேவையே இல்லை, பிதுங்கும் பசை கடைசியில் போய் அடைவது அதே சல்லடையைத்தான்.

இன்னொன்று கவரை மூடுவது. கிக்கர் ஷாஃப்டின் பல்லில் ஆயில் சீல் கிழியாமல் இருக்க, சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி நேராகத் தள்ள வேண்டும். கவரில் உள்ள லிஃப்டர் துண்டு, கிளட்ச் நடுவில் உள்ள பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். போல்ட் போடும் முன் வெளியே கேபிள் மாட்டும் கிளட்ச் கையை விரலால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறிது தூரம் லேசாக வந்து, பிறகு ஸ்பிரிங்கின் கனம் கையில் தட்டினால் சரி. கனமே தட்டாமல் தொளதொளவென்று சுற்றினால் கவரைத் திரும்பக் கழற்றுவதுதான் வழி. கவர் முழுதாக ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் போல்ட்டால் இழுத்து மூட முயலக் கூடாது. கவரை மூடும் முன்பே நடு நட்டைக் கையேட்டின் அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கியிருந்தோம், வாஷரின் எழுத்து வெளியே பார்த்தபடி. கவர் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு சுற்றில்.

ஆயில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ, ஒரு லிட்டர். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அளவுக் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்த்தோம். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் டப்பாவோடு கொடுத்தோம்.

கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்க உடனே மலைக்குப் போகவில்லை. புதுத் தகடு படியும் வரை சுமை இல்லாமல், சமதளத்தில், சீராக ஓட்டச் சொன்னேன். அப்புறம் கேபிளின் ப்ளேயை மறுபடி பார்த்தோம். குறைந்திருந்தது, 15 மில்லிமீட்டருக்குத் திருத்தினோம். அதன் பிறகுதான் கிரேட்டுகளோடு ஏற்றம். 4வது கியரில் முழுதாகத் திருகும் சோதனையை இப்போது செய்தால் சத்தமும் வேகமும் ஒன்றாகவே ஏறுகின்றன. வளைவில் நிற்கும்போது பின் பிரேக்கை மிதித்து நிற்கவும், கிளம்பும் நேரத்தில் மட்டும் கிளட்ச்சை விடவும் மாப்பிள்ளை பழகிவிட்டார். முதலில் காலுக்கு வலிக்கிறது என்று சொன்னார், இப்போது சொல்வதில்லை.

சரிசெய்யாமல் விட்டது ஒன்று உண்டு. தகடுகளின் காதுகள் உட்காரும் கிளட்ச் கூடையின் விரல்களில், அந்தக் காதுகள் இடித்து இடித்துச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. நகத்தை ஓட்டினால் மெல்லத் தட்டுகிறது, மாட்டி நிற்கவில்லை. பள்ளம் ஆழமானால் தகடுகள் அதில் சிக்கி, கிளட்ச் முழுதாக விடாது. முதல் கியரில் லிவரைப் பிடித்து நிற்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். இப்போதைக்கு அந்த அறிகுறி இல்லை, அதனால் கூடையை மாற்றவில்லை. அந்த அறிகுறி வந்தால் கேபிளை இறுக்கச் சொல்லாமல் நேராக என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சாக்கெட்டும் ஹோல்டரும் வீட்டிலேயே இருக்கின்றன.